பதிவில் ‘டிக் டிக்’ சத்தமா? மைக்கை மாற்றும் முன் வைஃபையை அணைத்துப் பாருங்கள்

அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு சுடலை கோயில் கொடை. வில்லுப்பாட்டைப் பதிவு செய்ய லேப்டாப்பும் மைக்குமாகப் போயிருந்தேன். புலவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. ராத்திரி பத்து மணிக்கு வில்லில் கோலை வீசியவர், சாமி மலையேறும் வரை நிறுத்தவில்லை. வீட்டுக்கு வந்து ஹெட்போனை மாட்டிக் கேட்டால், அவர் குரலை நீட்டிப் பாடும் இடங்களில் எல்லாம் நடுவே ‘டிக்’ என்று ஒரு வெட்டு. இரண்டு மூன்று இடங்களில் ஒரு எழுத்தே விழுந்து போயிருந்தது. அந்த ராத்திரியைத் திரும்பப் பதிவு செய்ய முடியாது. அடுத்த வருஷக் கொடையில் அவர் பாடினாலும் அது வேறு பாட்டு, வேறு குரல்.

மைக் வயரை மாற்றினேன். மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸை ஒரு நண்பரிடம் கடன் வாங்கி மாற்றிப் பார்த்தேன். யுஎஸ்பி வயர், யுஎஸ்பி துளை எல்லாம் மாற்றியாயிற்று. வெட்டு போகவில்லை. கடைசியில் பாளையங்கோட்டையில் மைக்செட் வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் போட்டுக் காட்டினேன். ஒரு நிமிஷம் கேட்டார். “தம்பி, அந்த வைஃபையை அமத்திப்போட்டு ஒருக்கா பதிஞ்சு பாருடே” என்றார்.

“அந்த ஊர்ல நெட்டே கிடையாதேண்ணே” என்றேன்.

“நெட்டு இல்லன்னா அது சும்மாவா கெடக்கும்? தேடிக்கிட்டுல்லா கெடக்கும்.”

அவர் சொன்னதுதான் சரி. வைஃபை அட்டையின் டிரைவர்தான், அதாவது அந்த அட்டையை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்தான், என் பதிவைக் கெடுத்துக்கொண்டிருந்தது. வில்லுப்பாட்டோ, கணியான் கூத்தோ, ஆச்சி சொல்லும் கதையோ, எதுவானாலும் லேப்டாப்பில் பதிவு செய்யத் தொடங்கும் ஒருவர் என் மாதிரி வாரக்கணக்கில் அலையக் கூடாது. அதற்காகத்தான் இதை வரிசையாக எழுதுகிறேன். விண்டோஸ் 10, விண்டோஸ் 11 கணினிகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

இணையத்துக்கும் பதிவுக்கும் என்ன சம்பந்தம்?

இதைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் இனிச் செய்யப் போவது எல்லாம் எளிது. குழாயடியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிற்காமல் வந்துகொண்டிருக்கிறது. உங்களிடம் இரண்டு குடம். ஒன்று நிறைவதற்குள் மற்றதை வீட்டில் ஊற்றிவிட்டுத் திரும்பி வர வேண்டும். நேரத்துக்கு வந்தால் ஒரு சொட்டும் வீணாகாது. வழியில் யாராவது நிறுத்திப் பேச்சுக் கொடுத்தால் குடம் வழிந்துவிடும். வழிந்த தண்ணீர் வழிந்ததுதான்.

மைக்கில் இருந்து வரும் ஒலி அந்தத் தண்ணீர். அதை விநாடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக மாற்றுகிறது உங்கள் ஆடியோ இன்டர்ஃபேஸ். ஒவ்வோர் அளவையும் சாம்பிள் என்கிறோம். குடம்தான் பஃபர். பஃபர் அளவு 256 சாம்பிள் என்று வைத்திருந்தால், குடம் நிறைய சுமார் 5.8 மில்லி விநாடி ஆகும். 128 என்றால் 2.9 மில்லி விநாடி. 1024 என்றால் 23 மில்லி விநாடி. அதற்குள் பதிவு மென்பொருள் வந்து எடுத்துப் போக வேண்டும்.

வழியில் நிறுத்துவது யார்? விண்டோஸில் ஒவ்வொரு வன்பொருளுக்கும் ஒரு டிரைவர் இருக்கிறது. வைஃபை அட்டைக்கு வேலை வந்தால் அது கணினியின் மூளையான செயலியை (பிராசசரை) கூப்பிடும்; செயலி கையில் இருந்ததை வைத்துவிட்டு அந்த டிரைவரின் அவசர வேலையைச் செய்து கொடுக்கும். இதில் கொஞ்சம் தள்ளிப்போட்டுச் செய்யும் பகுதிக்கு டிபிசி என்று பெயர். அது ஓடி முடியும் வரை, செயலியின் அந்தக் கோரில் (செயலிக்குள் வேலை செய்யும் பிரிவுகளில் ஒன்று அது) வேறு எந்த மென்பொருளும் ஓட முடியாது. உங்கள் பதிவு மென்பொருளுக்கு எவ்வளவு முன்னுரிமை கொடுத்தாலும் டிபிசிக்குப் பின்னால்தான் நிற்கும். அதனால்தான் டாஸ்க் மேனேஜரில் போய் ‘ஹை பிரையாரிட்டி’ கொடுப்பதால் இந்தக் கோளாறு தீருவதில்லை.

டிரைவர் எழுதுகிறவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் வரம்பு, ஒரு டிபிசி 100 மைக்ரோ விநாடிக்கு மேல் ஓடக் கூடாது என்பது. ஒரு மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்குதான் அது. ஒழுங்காக எழுதிய டிரைவர் அதற்குள் முடித்துவிடும். மோசமாக எழுதியதோ, உங்கள் விண்டோஸ் பதிப்புக்குப் பொருந்தாததோ சில மில்லி விநாடிகள் எடுத்துக்கொள்ளும். படம் பார்க்கும்போதோ செய்தி வாசிக்கும்போதோ நமக்கு அது தெரியவே தெரியாது. பதிவில் மட்டும் குடம் வழிந்துவிடும்.

இனி மைக்செட் அண்ணன் சொன்ன விஷயம். வைஃபை அட்டை எந்த நெட்வொர்க்கிலும் இணையாமல் இருக்கும்போது, தெரிந்த நெட்வொர்க் ஏதாவது கிடைக்குமா என்று மறுபடி மறுபடி தேடும். இணைந்திருக்கும்போதும் இடையிடையே தேடும். பல டிரைவர்கள் தடுமாறுவது இந்தத் தேடலின்போதுதான். ஆகவே ‘நம்ம ஊர்ல சிக்னலே இல்ல, அதனால வைஃபை காரணமா இருக்காது’ என்ற கணக்கு தப்பு. வீட்டில் பிராட்பேண்டில் இணைந்து ஒழுங்காக ஓடிய லேப்டாப், தோப்புக்கு நடுவே இருக்கும் கோயிலில் வெட்டு விடுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். என்னுடையது அப்படித்தான் செய்தது.

காதால் முதலில் தரம் பிரியுங்கள்

எல்லாச் சத்தத்துக்கும் வைஃபை காரணம் இல்லை. கீழ்ஸ்தாயியில் ‘ம்ம்ம்’ என்று ஒரே சீராக ஓடும் இரைச்சல் மின்சாரத்தில் இருந்து வருவது. எர்த் சரியில்லை, அல்லது சார்ஜர் காரணம். சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பதிவு செய்தால் அது நிற்கிறதா என்று பார்த்துவிடலாம். மைக் வயருக்குப் பக்கத்தில் செல்போன் கிடந்தால் ‘டிடிட் டிடிட்’ என்று தாளம் போட்ட மாதிரி ஒரு சத்தம் விழும். அது போனின் ரேடியோ அலை வயரில் ஏறுவது. போனைத் தள்ளி வைத்தால் தீர்ந்தது. மைக்கை யாராவது தொட்டாலோ வயர் ஆடினாலோ கரகரவென்று கேட்கும்.

டிரைவர் கோளாறு இவற்றைப் போல் இராது. இங்கே கூடுதலாக ஒரு சத்தம் சேர்வதில்லை, இருந்த ஒலி காணாமல் போகிறது. அலை வடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், வளைந்து போய்க்கொண்டிருந்த கோடு திடீரென்று செங்குத்தாக வெட்டி வேறு இடத்தில் இருந்து தொடரும். வெட்டு சிறிதாக இருந்தால் ‘டிக்’. கொஞ்சம் பெரிதாக இருந்தால் சொல் தடுக்கி விழுந்த மாதிரி. அடுத்தடுத்து வந்தால் குரல் இயந்திரம் பேசுவது போல ஆகிவிடும்.

வில்லுப்பாட்டு பதிவு செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உடுக்கையும் குடமும் சேர்ந்து முழங்கும் இடத்தில் இந்த வெட்டுகள் காதுக்குத் தப்பிவிடும், ஏனென்றால் அந்த வாத்திய அடிகளே கூர்மையானவை. கணியான் கூத்தில் மகுடம் என்ற தோல்வாத்தியம் ஒலிக்கும்போதும் அப்படித்தான். ‘பதிவு நன்றாகத்தானே இருக்கிறது’ என்று நினைத்துக்கொள்வோம். தனிக்குரல் இழுவையைக் கேட்டால்தான் உண்மை தெரியும். அதனால் சோதிக்கும்போது வாத்தியத்தை வைத்துச் சோதிக்காதீர்கள்.

சுருதியை வைத்து ஒரு சோதனை

போனில் சுருதிப்பெட்டி அல்லது தம்பூரா ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். போனை மைக்குக்கு முன்னால் வையுங்கள். போனையும் ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் நான் மேலே சொன்ன ‘டிடிட்’ வந்து குழப்பும். ஆடாசிட்டி என்ற பதிவு மென்பொருளில் பத்து நிமிஷம் பதிவு செய்யுங்கள், வைஃபையை அணைக்காமல். நடுவில் நான்கைந்து தடவை திரையின் மூலையில் உள்ள வைஃபை அடையாளத்தைச் சொடுக்கி, நெட்வொர்க் பட்டியலைத் திறந்து மூடுங்கள். பட்டியலைத் திறக்கும்போது அட்டை புதிதாகத் தேடும். எந்தெந்த நிமிஷத்தில் திறந்தீர்கள் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

பிறகு வைஃபையை அணைத்துவிட்டு இன்னொரு பத்து நிமிஷம். மைக், வயர், பஃபர், அறை எதையும் மாற்றக் கூடாது. ஒரே ஒரு மாற்றம்தான் இருக்க வேண்டும். இரண்டு மூன்றை ஒன்றாக மாற்றினால் எது தீர்த்தது என்று கடைசி வரை தெரியாது. நான் நாள்களை இழந்தது இதனால்தான்.

அணைப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. வைஃபை பொத்தானையோ ஏரோபிளேன் மோடையோ போட்டால் ரேடியோ நிற்கும், ஆனால் டிரைவர் உள்ளே விழித்துக்கொண்டுதான் இருக்கும். முழுதாக நிறுத்த டிவைஸ் மேனேஜருக்குப் போக வேண்டும். ஸ்டார்ட் பொத்தானை வலது சொடுக்கு செய்தால் வரும் பட்டியலிலேயே அது இருக்கும். ‘நெட்வொர்க் அடாப்டர்ஸ்’ என்பதை விரித்து, வயர்லெஸ் அல்லது வைஃபை என்று பெயர் உள்ளதை வலது சொடுக்கு செய்து ‘டிசேபிள் டிவைஸ்’ கொடுங்கள். பல லேப்டாப்களில் ப்ளூடூத்தும் அதே அட்டையில்தான் இருக்கும். ‘ப்ளூடூத்’ பகுதியில் போய் அதையும் டிசேபிள் செய்துவிட்டுச் சோதியுங்கள். ப்ளூடூத் மவுஸ் வைத்திருந்தால் முன்னதாக வயர் மவுஸ் ஒன்றைச் செருகிக்கொள்ளுங்கள்.

இப்போது இரண்டு பதிவையும் கேளுங்கள். சுருதி ஒரே சீராக ஓடுவதால் ஒரு சின்ன வெட்டுகூட முள் மாதிரி குத்தும். ஆடாசிட்டியில் டிராக்கின் பட்டியலில் ‘ஸ்பெக்ட்ரோகிராம்’ காட்சிக்கு மாறினால், வெட்டு விழுந்த இடம் எல்லாம் மேலிருந்து கீழ் வரை மெல்லிய கோடாகத் தெரியும். எண்ணிவிடலாம். முதல் பதிவில் கோடுகள் இருந்து, அதுவும் நீங்கள் குறித்து வைத்த நிமிஷங்களில் இருந்து, இரண்டாவதில் ஒன்றுகூட இல்லை என்றால் விசாரணை முடிந்தது. இரண்டிலும் ஒரே மாதிரி வெட்டு இருந்தால் வைஃபையை விட்டுவிடுங்கள். அடுத்த பகுதியில் வரும் கருவியைக் கொண்டு வேறு யார் என்று பாருங்கள்.

ஆடாசிட்டி அமைப்புகளில் ‘ரெக்கார்டிங்’ பகுதியில் ‘டிடெக்ட் டிராப்அவுட்ஸ்’ என்று ஒன்று உண்டு. அது இயங்கிக்கொண்டிருந்தால், ஒலி தொலைந்த இடத்தில் மென்பொருளே லேபிள் ஒட்டித் தரும். உதவிதான். ஆனால் அது எல்லா வெட்டையும் பிடித்துவிடும் என்று நம்பிவிட வேண்டாம், காதும் கண்ணும் வேண்டும்.

யார் குற்றவாளி என்று பெயர் சொல்லும் கருவி

ரெஸ்ப்ளெண்டன்ஸ் நிறுவனத்தின் லேட்டன்சிமான் என்ற மென்பொருளை அவர்களுடைய தளத்தில் இருந்து இறக்குங்கள். வீட்டு உபயோகத்துக்கு இலவசம். பழைய கட்டுரைகள் டிபிசி லேட்டன்சி செக்கர் என்ற வேறொன்றைச் சொல்லும். விண்டோஸ் 8 முதல் அது காட்டும் எண் சரியாக இராது, அதனால் அது வேண்டாம்.

லேட்டன்சிமானைத் திறந்து பச்சை முக்கோணத்தை அழுத்திவிட்டு, பத்துப் பதினைந்து நிமிஷம் கணினியை அதன் போக்கில் விடுங்கள். அப்புறம் நிறுத்திவிட்டு ‘டிரைவர்ஸ்’ பக்கத்துக்குப் போய், ‘ஹையஸ்ட் எக்ஸிகியூஷன்’ என்ற தலைப்பைச் சொடுக்கினால் அதிக நேரம் எடுத்த டிரைவர் மேலே வரும். எண் மில்லி விநாடியில் இருக்கும். 0.5க்குக் கீழே எல்லாம் இருந்தால் நான் கவலைப்படுவதில்லை. ஒன்றைத் தாண்டினால் சந்தேகம். இரண்டு, மூன்று என்று போனால் சிறிய பஃபரில் வெட்டு விழ வாய்ப்பு அதிகம்.

இங்கே புதியவர்கள் எல்லாரும் ஒரு இடத்தில் ஏமாறுவார்கள். பட்டியலில் மேலே என்டிஐஎஸ் என்ற பெயர் வந்து நிற்கும். அது மைக்ரோசாஃப்ட்டின் கோப்பு. விண்டோஸின் எல்லா நெட்வொர்க் டிரைவர்களும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். அதைக் குற்றவாளி என்று நினைத்து அழிக்கவோ மாற்றவோ போகாதீர்கள். அது ஊர் எல்லையில் இருக்கும் சாவடி மாதிரி. நெரிசலை உண்டாக்கிய வண்டி அதற்குள் நுழைந்து வருகிற வைஃபை டிரைவர். வைஃபையை டிசேபிள் செய்து மறுபடி அளந்தால் என்டிஐஎஸ்ஸின் எண் தானாகவே இறங்கிவிடும். இறங்காமல் இருந்தால், ஆன்டிவைரஸின் நெட்வொர்க் வடிகட்டியோ விபிஎன் மென்பொருளோ இடையில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அவையும் அதே சாவடியைத்தான் பயன்படுத்துகின்றன.

வேறு பெயர் மேலே வந்தால் அந்தப் பக்கம் போங்கள். கிராஃபிக்ஸ் டிரைவரும் மின்சேமிப்பைக் கவனிக்கும் ஏசிபிஐயும் அடிக்கடி வரும் மற்ற இரண்டு பெயர்கள்.

பதிவு நேரத்துக்கு இது போதும்

பெரும்பாலான பேருக்கு இங்கேயே வேலை முடிந்துவிடும் என்பது என் அபிப்பிராயம். பதிவு செய்யும்போது இணையம் எதற்கு? ரெக்கார்டிங் தொடங்கும் முன் வைஃபையையும் ப்ளூடூத்தையும் டிசேபிள் செய்யுங்கள், முடிந்ததும் ‘எனேபிள்’ கொடுங்கள். இரண்டு சொடுக்கு. கோளாறான டிரைவரைத் திருத்தி ஒரு வாரம் மகிழ்ந்திருந்து, விண்டோஸ் அப்டேட் அதைப் பழையபடி மாற்றிவிட்டதை ஒரு கொடை நடுவில் கண்டுபிடிப்பதைவிட இது எவ்வளவோ மேல். என் டிரைவர் இப்போது சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஊருக்குப் போய்ப் பதிவு செய்யும்போது டிசேபிள் செய்யாமல் நான் மைக்கைத் தொடுவதில்லை.

கூடவே பஃபரைப் பெரிதாக்குங்கள். சிறிய பஃபர் தேவைப்படுவது, கணினி வழியாகத் திரும்பி வரும் தன் குரலைக் கேட்டுக்கொண்டே பாடுகிறவருக்கு மட்டும்தான். வெறுமனே பதிவு செய்பவருக்கு 64, 128 எல்லாம் தேவையே இல்லை. 1024 வையுங்கள். பதிவாவதைக் கூடவே கேட்க வேண்டுமானால் இன்டர்ஃபேஸில் ‘டைரக்ட் மானிட்டர்’ பொத்தான் இருக்கும். அது கணினிக்குப் போகாமல் மைக்கை நேரே ஹெட்போனுக்குத் தரும்.

கரண்ட் விஷயத்தையும் மறக்க வேண்டாம். கொடைப் பந்தலில் கரண்ட் போவதும் வருவதும் நடக்கும். சார்ஜர் நின்றதும் லேப்டாப் மின்சேமிப்புக்கு மாறி, செயலியின் வேகத்தைக் குறைத்துவிடும். சற்று முன் வரை சமாளித்த டிரைவர் அப்போது தடுமாறலாம். பவர் ஆப்ஷன்ஸில் பேட்டரிக்கும் சேர்த்து அதிகச் செயல்திறனைத் தேர்ந்து வையுங்கள். யுஎஸ்பியில் செருகிய கருவியைத் தூங்க வைக்கும் ‘யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை’ நிறுத்துங்கள். ஒருமுறை சார்ஜரைக் கழற்றியும் அந்தச் சுருதிச் சோதனையைச் செய்து பாருங்கள்.

இணையம் வேண்டும் என்பவர்களுக்கு

தூரத்தில் இருப்பவரோடு பேசிப் பதிவு செய்கிறவர்கள், நேரலை செய்கிறவர்கள் வைஃபையை அணைக்க முடியாது. அவர்கள் டிரைவரைத் திருத்தத்தான் வேண்டும்.

தொடங்குமுன் இரண்டு காரியம். டிவைஸ் மேனேஜரில் அந்த அட்டையின் ‘பிராப்பர்டீஸ்’ போய், ‘டிரைவர்’ பக்கத்தில் இருக்கும் பதிப்பு எண்ணையும் தேதியையும் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம், புதிய டிரைவரை முன்னதாகவே இறக்கி ஒரு பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். பழையதை நீக்கிவிட்டால் இணையம் போய்விடும். புதியதை எங்கிருந்து இறக்குவது? இது தெரியாமல் நீக்கிவிட்டு நிற்பவர்கள் நிறையப் பேர்.

உங்கள் அட்டை யாருடையது என்று உறுதியாகத் தெரிய வேண்டும். அதே பிராப்பர்டீஸில் ‘டீடெய்ல்ஸ்’ பக்கத்தில் ‘ஹார்ட்வேர் ஐடீஸ்’ என்பதைத் தேர்ந்தால் ஒரு நீண்ட குறியீடு வரும். அதில் ‘VEN_’ என்பதற்கு அடுத்து வரும் நான்கு எழுத்து 8086 என்றால் இன்டெல். 10இசி என்றால் ரியல்டெக், 168சி என்றால் குவால்காம் ஏதெராஸ், 14இ4 பிராட்காம், 14சி3 மீடியாடெக்.

டிரைவரை எங்கே தேடுவது? முதலில் லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில், உங்கள் மாடல் எண்ணுக்குக் கீழே. இன்டெல் அட்டை என்றால் இன்டெல்லே நேரடியாகப் புதிய டிரைவரைத் தருகிறது. ‘எல்லா டிரைவரையும் நாங்களே புதுப்பித்துத் தருகிறோம்’ என்று வரும் விளம்பர மென்பொருள்களை அண்ட விடாதீர்கள். தேவையில்லாததை எல்லாம் கொண்டுவந்து இறக்கிவிடும்.

புதியதைப் போட்டு, கணினியை மறுபடி இயக்கி, அதே சுருதிச் சோதனை, அதே லேட்டன்சிமான் அளவு. எண்ணை எழுதி வையுங்கள். மேம்படவில்லையா? பழையதை நோக்கிப் போங்கள். புதியதுதான் நல்லது என்ற விதி டிரைவர்களுக்கு இல்லை. கோளாறு ஒரு அப்டேட்டுக்குப் பிறகு தொடங்கியது என்றால் ‘ரோல் பேக் டிரைவர்’ பொத்தானை அழுத்தினாலே முந்தையது வந்துவிடும். அந்தப் பொத்தான் மங்கலாக இருந்தால் ‘அப்டேட் டிரைவர்’ கொடுத்து, கணினியில் தேடும் வழியைத் தேர்ந்து, இருக்கும் டிரைவர்களின் பட்டியலைத் திறங்கள். இரண்டு மூன்று பதிப்புகள் அங்கே கிடக்கலாம். ஒவ்வொன்றாகப் போட்டு அளக்கலாம். எனக்குத் தீர்வு கிடைத்தது இந்தப் பட்டியலில் இருந்த ஒரு பழைய பதிப்பில்தான்.

சரியானது கிடைத்ததும் அதைப் பாதுகாக்க வேண்டும். ‘சிஸ்டம் பிராப்பர்டீஸ்’ போய் ‘ஹார்ட்வேர்’ பக்கத்தில் ‘டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸ்’ என்பதில் ‘நோ’ கொடுத்தால், விண்டோஸ் தானாக டிரைவரை மாற்றுவது குறையும். பெரிய அப்டேட் வந்தால் அதையும் மீறி மாறலாம். ஆகவே நல்ல டிரைவரின் நிறுவல் கோப்பை பென்டிரைவில் பத்திரமாக வையுங்கள், ஒவ்வொரு பெரிய அப்டேட்டுக்குப் பிறகும் பதிப்பு எண்ணைச் சரிபாருங்கள்.

டிரைவரை மாற்றியும் கொஞ்சம் வெட்டு மிச்சமிருந்தால் அமைப்புகளைத் தொடலாம். பிராப்பர்டீஸில் ‘பவர் மேனேஜ்மென்ட்’ பக்கத்தில், மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற பெட்டியில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். ‘அட்வான்ஸ்டு’ பக்கத்தில் ‘ரோமிங் அக்ரெசிவ்னஸ்’ இருந்தால் அதை மிகக் குறைந்த அளவில் வையுங்கள். இப்போதைய ரவுட்டரைவிட நல்லது வேறு இருக்கிறதா என்று அட்டை தேடும் ஆவலைக் குறைப்பது அது. எல்லா டிரைவரிலும் இந்தப் பெயர்கள் ஒரே மாதிரி இருக்காது, சிலவற்றில் இருக்கவே இருக்காது. இல்லாததைத் தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் அந்த அட்டையோடு போராடாதீர்கள், அதைச் சுற்றிப் போங்கள். வீடாக இருந்தால் ரவுட்டரில் இருந்து ஒரு நெட்வொர்க் கேபிள் இழுத்து, வைஃபையை டிசேபிள் செய்துவிடுங்கள். லேப்டாப்பில் துளை இல்லாவிட்டால் யுஎஸ்பியில் செருகும் ஈதர்நெட் அடாப்டர் கிடைக்கிறது. வெளியூரில் என்றால் போனின் ஹாட்ஸ்பாட்டுக்குப் பதிலாக ‘யுஎஸ்பி டெதரிங்’ போட்டு, போனை வயரால் இணையுங்கள். இணையம் வரும், வைஃபை டிரைவர் தூங்கும். ஆடியோ இன்டர்ஃபேஸ் செருகிய யுஎஸ்பி ஹப்பிலேயே இதையும் செருகாமல், வேறு துளையில் செருகுவது நல்லது.

அட்டையையே மாற்றும் வழியும் இருக்கிறது. ஆனால் சில லேப்டாப்களில் அது போர்டோடு சேர்த்துப் பற்றவைத்திருக்கும், சிலவற்றில் தயாரிப்பாளர் அனுமதித்த அட்டையைத் தவிர வேறு எதையும் ஏற்காது. வாங்கும் முன் திறந்து பார்க்கத் தெரிந்தவரிடம் காட்டிக் கேளுங்கள்.

ஏற்கெனவே வெட்டு விழுந்த பதிவை என்ன செய்வது?

என் வில்லுப்பாட்டுப் பதிவையே சொல்கிறேன். ஆடாசிட்டியில் ‘ரிப்பேர்’ என்று ஒன்று இருக்கிறது. ஒரு நேரத்தில் 128 சாம்பிள் வரைதான், அதாவது மூன்று மில்லி விநாடிக்கும் குறைவான பகுதியைத்தான் அது ஒட்டுப்போடும். வெட்டு விழுந்த இடத்தைப் பெரிதாக்கி, அதை மட்டும் தேர்ந்து கொடுத்தால், இரண்டு பக்கத்து அலையையும் பார்த்து இடையை நிரப்பும். ‘டிக்’ சத்தம் போய்விடும். மூலப் பதிவை எப்போதும் தனியாக எடுத்து வைத்துவிட்டு நகலில்தான் இதைச் செய்ய வேண்டும்.

நாற்பத்துச் சொச்சம் இடங்களை அப்படி ஒவ்வொன்றாக ஒட்டினேன். எழுத்து விழுந்து போன அந்த இரண்டு மூன்று இடங்களுக்கு மருந்து இல்லை. அங்கே ஒலி கெடவில்லை, பதிவாகவே இல்லை. புலவரிடம் போய்ப் போட்டுக் காட்டி, அந்த வரிகளைச் சொல்லச் சொல்லி எழுதி வாங்கி, பதிவோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

இப்போது ஊருக்குக் கிளம்பும்போது இன்னொன்றும் செய்கிறேன். லேப்டாப் ஓடும்போதே, ஏரோபிளேன் மோடில் போட்ட ஒரு பழைய போனையும் மைக் பக்கத்தில் தனியாகப் பதிவில் போட்டுவிடுகிறேன். தொடக்கத்தில் ஒரு கைதட்டு, முடிவில் ஒரு கைதட்டு. லேப்டாப்பில் ஏதாவது விழுந்து போனாலும் சொல்லாவது போனில் இருக்கும். இரண்டு கைதட்டுக்கும் இடைப்பட்ட நேரத்தை இரண்டு பதிவிலும் ஒப்பிட்டால் லேப்டாப் எவ்வளவு ஒலியைத் தவறவிட்டது என்றும் ஓரளவு தெரிந்துவிடும். பத்து நிமிஷத்துக்குச் சில பத்து மில்லி விநாடி வித்தியாசம் இரண்டு கருவிகளின் கடிகார வேறுபாட்டால் வருவது, அதைப் பொருட்படுத்த வேண்டாம். அதற்கு மேல் லேப்டாப் பதிவு குறைந்திருந்தால், வைஃபையை டிசேபிள் செய்ய மறந்துவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள்.